கையை வெட்டிய படம்

மச்சாள்,

இன்று காலை உம்முடைய மூத்த மகன் கடைக்கு வந்து, உம்மை முருங்கைக்காய்க் கட்டின் மேல் வைத்துவிட்டு, "போன்ஜூர் மாமி" என்றான்.

செவ்வாய்க்கிழமை. கொழும்பிலிருந்து விமானத்தில் வந்த மரக்கறிப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பாரிஸில், லா சப்பலில் நான் வேலை செய்கிற கடைக்குள் அந்த நேரத்தில் ஈர மட்டையும் கறிவேப்பிலையும் கலந்த ஒரு வாசம் நிற்கும். அது உமக்குப் பிடிக்கும். எபினே வீட்டிலிருந்து வருகிற நாட்களில் வாசலில் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டுத்தான் உள்ளே காலடி வைப்பீர். இன்று அந்த வாசத்துக்குள் உம்முடைய படம் மட்டும் வந்தது.

"திவசத்துக்கு அடிக்கிற கார்ட் மாமி. எழுத்துப் பிழை ஏதும் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. எனக்குத் தமிழ் வடிவா வாசிக்க வராதெல்லோ."

பார்த்தேன். பச்சைக் காஞ்சிபுரச் சேலை கட்டிக்கொண்டு, குத்துவிளக்குக்கும் தாமரைப் பூவுக்கும் நடுவில், நீல வானத்துக்குக் கீழே நிற்கிறீர். தலையைச் சுற்றி ஒளிவட்டம். வாய் அரைவாசி திறந்திருக்கிறது, கண்கள் மேலே பார்க்கின்றன. கீழே பொன்னிற எழுத்தில்: "தனக்கென எதையும் வேண்டாது, வீடே உலகமென வாழ்ந்த எங்கள் குலவிளக்கே."

அந்தச் சேலை உம்முடையதில்லை. அந்த வானமும் உம்முடையதில்லை. தலை மட்டும்தான் உம்முடையது. போன வருஷம் முப்பத்தோராம் நாளுக்கு, கல்வெட்டு என்று நாங்கள் பெரிய பெயர் வைத்திருக்கிற அந்த நினைவுப் புத்தகத்துக்கு வெட்டி ஒட்டிய அதே தலை. ஒரு வருஷம் கம்ப்யூட்டருக்குள் கிடந்துவிட்டு மறுபடி வெளியே வந்திருக்கிறது.

"பிழை இருக்கோ மாமி?"

"கனக்க இருக்கு."

"எத்தினை?"

"நான் பாத்துச் சொல்லுறன். நீ போ. காரை ரோட்டுக்கு நடுவிலை விட்டிட்டு நிக்கிறாய்."

அவன் போய்விட்டான். பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டேன். துக்கத்தில் என்று நினைத்துவிடாதேயும். ஆத்திரம். முருங்கைக்காயை எடுத்து யாருக்காவது அடிக்கலாம் போல வந்த ஆத்திரம்.

அந்தத் தலை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். படம் எடுத்தவள் நான். என் போனில் இருக்கிற முழுப் படத்தில் நீர் சேலை கட்டவில்லை. பயணத்துக்கென்று வாங்கிய சிவப்பு மழைக் கோட்டும், மகன் போடாமல் விட்ட சப்பாத்தும் போட்டிருக்கிறீர். வலக்கையை நேரே மேலே நீட்டி, விரலால் எதையோ காட்டிச் சிரிக்கிறீர். அந்தக் கையைத்தான் வெட்டிவிட்டார்கள். கையை வெட்டிவிட்டால் பிறகு அந்தக் கண்கள் என்ன செய்யும்? சும்மா மேலே பார்க்கும். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி கல்வெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள், "பாருங்கோ, அம்மாளை நேரை காணுற மாதிரி ஒரு பார்வை." நான் அன்று பேசாமல் பாயசம் குடித்தேன். அதுவும் எனக்கு இப்போது எரிகிறது.

நீர் அம்மாளையோ வேறு தெய்வத்தையோ பார்க்கவில்லை. ஒஸ்ரியா நாட்டில் கிராஸ் என்கிற ஊரில், மலைமேல் நிற்கிற கோபுரத்தில் ஒரு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

எனக்குக் கோபம் வந்தால் கதை முன்னும் பின்னுமாகப் போகும். நீர் எப்போதும் சொல்வதுபோல இடக்கை மூலையிலிருந்து தொடங்குகிறேன்.

அது உம்முடைய தொழில் பழக்கம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் அறை துப்புரவாக்கினீர். வேலை குறைந்த சனிக்கிழமைகளில் நானும் உம்மோடு வந்து படுக்கை விரித்திருக்கிறேன். எல்லாம் முடிந்தபின் நீர் வாசற்படியில் வந்து நிற்பீர். இடக்கை மூலையில் கண்ணை வைத்து, சுவர் சுவராக ஒரு சுற்று, பிறகு கூரை, பிறகு நிலம். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்துவீர். நான் அவசரப்படுத்தினால் சொல்வீர்:

"கண் ஒரேயடியா நடுவுக்கு ஓடும் மச்சாள். நடுவை எல்லாரும் பாப்பினம். முதல் படுத்தவன்ரை தலைமயிர் மூலையிலைதான் கிடக்கும்."

அந்தப் பார்வையை நீர் வேலை உடுப்போடு கழற்றி வைத்ததில்லை. மெத்ரோவில் நின்றாலும், மருத்துவரின் அறையில் இருந்தாலும், இடக்கை மூலையிலிருந்து ஒரு சுற்று. ஆனால் பார்க்கக் கிடைத்ததெல்லாம் ஹோட்டலும் ரயிலும் எபினே வீட்டுக் குசினி அடுப்பும்தான். பாரிஸுக்கு வந்து முப்பது வருஷத்தில் பிரான்ஸ் எல்லையை ஒரு தரம்கூட நீர் தாண்டவில்லை. பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் இல்லாத காலத்தில் போக முடியவில்லை, சரி. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கையில் வந்தபிறகும் அது அலுமாரியில் நகைப்பெட்டிக்கு அடியில் கிடந்தது.

லா சப்பலில் எங்கள் சனம் கோடைக்குக் கோடை பஸ் பிடித்துச் சுற்றுலா போவார்கள். அந்த முறை ஒஸ்ரியா, ஆறு நாள். எனக்கு வீட்டில் கேட்க ஆளில்லை, பெயர் கொடுத்துவிட்டேன். உமக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அண்ணையிடம் அனுமதி கேட்கப் போனது நான்தான். உம்முடைய புருஷன், என் சொந்த அண்ணன், சின்ன வயதில் என்னைத் தோளில் ஏற்றித் திருவிழா காட்டியவர், அன்று கதிரையை விட்டு எழும்பாமல் சொன்னார்:

"அங்கை என்ன கிடக்கு பாக்க? மலைதானே. நாங்கள் பாக்காத மலையே?"

யாழ்ப்பாணத்து மனிதர் சொல்கிற கதையா இது! பனையில் ஏறினால்தான் எங்களுக்கு உயரம். இதை அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால்தான் உமக்கு விடுதலை கிடைத்தது. அதற்கும் நீர் என்ன செய்தீர்? ஆறு நாள் சாப்பாட்டையும் சமைத்து, டப்பாக்களில் போட்டு, மூடியில் "வெள்ளி மத்தியானம்", "சனி இரா" என்று எழுதி ஒட்டி, குளிர்ப்பெட்டியை நிரப்பிவிட்டு வந்தீர். பஸ்ஸில் ஏறியபோது உம்முடைய விரல்களில் வெங்காயம் மணத்தது. எனக்கு உம்மேலும் கோபம் இருக்கிறது மச்சாள், அதை ஒளிக்கவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், சமைக்காமல் வந்திருந்தால் என்ன?

மூன்றாம் நாள் அண்ணை போன் எடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை டப்பாவை மாறித் திறந்திட்டன், இப்ப என்ன செய்யிறது?" நாங்கள் அப்போது ஒரு ஏரிக் கரையில் நின்றோம். நீர் ஏரியைப் பார்த்தபடி, எந்த டப்பாவை எந்த நாளுக்கு மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்.

பஸ்ஸில் ஐம்பது சனம். புளிச்சாதம், கட்டுச்சம்பல், முறுக்கு, பாட்டு. ஒவ்வொரு ஊரிலும் பதினைந்து நிமிஷம். இறங்கியவர்கள் மலைக்கு முன்னால் தங்களைப் படம் எடுத்தார்கள், ஏரிக்கு முன்னால் தங்களை எடுத்தார்கள், கோயிலுக்கு முன்னால் தங்களை எடுத்துவிட்டுக் கழிப்பறை தேடினார்கள். நீர் மட்டும் சதுக்கத்தின் வாசலில் நின்று இடக்கை மூலையிலிருந்து தொடங்குவீர்.

முதல் நாள், இன்ஸ்புருக்குக்குப் பக்கத்துச் சின்ன ஊரில் ஒரு வீட்டு வாசல் நிலைக்கு மேலே சோக்குக் கட்டியால் எழுதியிருந்தது. வருஷ இலக்கம், இடையில் சிலுவைக்குறி போட்ட மூன்று எழுத்து. அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும். உம்முடைய ஹோட்டலில் முடித்த அறைக் கதவில் மேற்பார்வைக்காரி சோக்கால் கோடு இழுப்பாள் அல்லவா? நீர் அதை நினைத்துக்கொண்டு சொன்னீர்:

"பாரும் மச்சாள், ஊர் முழுக்க வேலை முடிஞ்சுதெண்டு போட்டிருக்கிறாங்கள்."

நாங்கள் தங்கிய விடுதியில் படுக்கை விரித்த பெண்ணிடம் கேட்டோம். பாதிப் பிரெஞ்சும் பாதிக் கையுமாக விளங்கப்படுத்தினாள். வருஷம் பிறக்கிற நேரம், யேசு பாலனைப் பார்க்கப் போன மூன்று ராசாக்கள் போல உடுத்திக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் பாட வருவார்களாம், வீட்டை ஆசீர்வதித்து இதை எழுதிவிட்டுப் போவார்களாம், வருஷம் முழுக்க அழிக்கமாட்டார்களாம். நான் உம்மைப் பார்த்துச் சிரித்தேன். நீர் விடவில்லை.

"அப்ப நான் சொன்னது என்ன பிழை? வீடு துப்புரவு எண்டுதானே எழுதிக் கிடக்கு."

அந்தப் பெண்ணும் நீரும் அரைமணி நேரம் கதைத்தீர்கள். பொதுவாக ஒரு மொழி இல்லை. படுக்கை விரிப்பின் முனையை மடிக்கிற விதத்தை ஒருவருக்கொருவர் காட்டினீர்கள். பஸ் ஹோர்ன் அடித்தது.

சால்ஸ்பூர்க்கில் கடைகளுக்கு மேலே இரும்பில் செய்து தொங்கவிட்ட அடையாளங்கள்: சப்பாத்து, பூட்டுத் திறப்பு, குடை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அந்தக் காலத்தில் தொங்கவிட்டதாம். நீர் நிலத்தைப் பார்க்காமல் நடந்து ஒரு தபால்காரன்மேல் மோதினீர். பழைய வீடொன்றின் வாசலில் பித்தளைப் பிடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி சுவரில் ஏறி ஒவ்வொரு மாடிக்கும் போயிற்று. இழுத்தால் அந்த மாடியில் மணி அடிக்கும். "இழுக்கட்டோ?" என்று கேட்டீர். ஐம்பத்தெட்டு வயதில்! நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இழுக்க விட்டிருக்கலாம்.

பிறகு ஹால்ஸ்டாட். எல்லாரும் ஏரிக்கு ஓட, நீர் ஒரு வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டீர். சுவரோடு சுவராக ஒரு பேரிக்காய் மரம். கிளைகளை இரண்டு பக்கமும் விரித்துக் கட்டி, யன்னல்களைச் சுற்றி வளைத்து, தட்டையாக மேல்மாடி வரை ஏற்றியிருந்தார்கள். முன்னால் நிற்க ஒரு முழம் நிலம்கூட இல்லை.

"மரத்துக்கும் இடமில்லை, வீட்டுக்கும் இடமில்லை. ரெண்டும் சண்டை பிடிக்காமல் நிக்குது பாரும். எங்கடை பல்கணியிலை ஒரு ரோசாச் சாடி வைக்க உம்மடை அண்ணை விடுறாரில்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். நீர் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வீர், அதனால்தான் ஒருவரும் காது கொடுக்கவில்லை. உம்முடைய போனில் கிளையைக் கட்டிய நாடாவை ஒரு படம், ஆணியை ஒரு படம், யன்னல் கொளுக்கியை ஒரு படம். பஸ் ஒழுங்குசெய்தவர் ஓடி வந்தார். "அக்கா, பதினைஞ்சு நிமிஷம் எண்டனான்! ஏறுங்கோ, சனம் ஏசுது." பஸ்ஸுக்குள் உமக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், "கதவு அன்ரி" என்று. பின் இருக்கையில் இருந்து சிரித்தார்கள். நானும் அந்த நேரம் கொஞ்சம் வெட்கப்பட்டேன். உமக்கு அது தெரிந்தது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்.

கிராஸில் மலை ஏறினோம். கோபுரத்தில் பெரிய மணிக்கூடு. நீர் என்னைக் கேட்டீர்:

"மச்சாள், அதிலை மணி எத்தினை?"

"ஆறாகப் போகுது," என்றேன். பிறகுதான் யோசித்தேன், காலைச் சாப்பாடு முடித்து இப்போதுதானே வந்தோம். என் கைமணிக்கூட்டில் பத்தரை. எங்கள் பஸ்ஸில் வந்து பக்கத்தில் நின்ற ஒருவர், "அது பழுது, விடுங்கோ," என்றுவிட்டுப் போனார்.

"பழுதாகாது," என்றீர் நீர். "இவ்வளவு வடிவாப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறவன் மணிக்கூட்டைப் பழுதா விடமாட்டான். இதிலை என்னவோ கிடக்கு."

பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து, போனில் மொழிபெயர்த்து வாசித்தேன். அங்கே நீள முள்தான் மணி காட்டும், குட்டை முள் நிமிஷம் காட்டும். ஆதியில் ஒரே ஒரு முள்தானாம், தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்று பெரிதாக வைத்தார்களாம். நிமிஷ முள்ளைப் பல காலம் கழித்துச் சேர்த்தபோது பெரிய இடம் ஏற்கெனவே போய்விட்டது. நீர் முழுவதையும் கேட்டீர். பிறகு கையை நீட்டி அந்தக் குட்டை முள்ளைக் காட்டினீர்.

"பிறகு வந்தவளுக்குச் சின்ன முள்ளுதான், கண்டீரோ? ஓடுறது முழுக்க அவள். மணி சொல்லுறது அவர்."

சொல்லிவிட்டு மற்றக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். அந்த நேரத்தில் எடுத்த படம் அது. எனக்குப் படம் எடுக்க வராது, உமக்குத் தெரியும். மணிக்கூடு படத்துக்குள் வரவேயில்லை. வெள்ளைச் சுவர் கொஞ்சம், வானம், நீர், உம்முடைய கை. ஆறு நாளில் உம்முடைய முகம் விழுந்த ஒரே படம்.

திரும்பி வந்தபோது அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள், ஒன்றுமில்லை. டப்பாக்கள் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. பிள்ளைகள் "ஸே பியான், மமோன்", நல்லது அம்மா, என்றார்கள். நீர் அந்தப் போனை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவீர். மார்க்ஸ் டோர்மோய்த் தெருவில் என் அறையில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் கதவுப்பிடிகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்போம். எண்ணூறு படத்துக்கு மேல் இருந்தது.

அடுத்த வருஷமும் போவோம் என்று நீர் இரண்டு ஊரின் பெயரைத் துண்டில் எழுதி வைத்திருந்தீர். வைகாசியில் நீரே அண்ணையிடம் கேட்டீர். "போன வருஷம்தானே போனது. இன்னும் பாக்க மிச்சம் கிடக்கோ?" என்றார். நீர் சரி என்றீர். என்னிடமும் சிரித்துக்கொண்டே சொன்னீர். சண்டை பிடித்திருக்க வேண்டும் மச்சாள். நீர் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. ஐப்பசியில் தலைக்குள் இரத்தம் கசிந்து மூன்றே நாளில் போய்விட்டீர்.

இனிச் சொல்லப்போவதை ஒரு வருஷமாக ஒருவருக்கும் சொல்லவில்லை.

செத்தவீடு நடந்த கிழமை உம்முடைய மூத்தவன் உம்முடைய போனை என்னிடம் தந்தான். "மாமி, அம்மாவின்ரை நல்ல படம் ஒண்டு எடுத்துத் தாங்கோ, கல்வெட்டுக்கு." கல்வெட்டுக்கு முகம் வேண்டும். நேரே பார்க்கிற முகம், பொட்டு வைத்த முகம். நான் இரண்டு மணி நேரம் தட்டித் தட்டித் தேடினேன். கதவு. குழாய். கதவுப் பிணைச்சல். தபால்பெட்டி. ஆணி. கண்ணீரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, முகத்தை மட்டும்தான் தேடினேன். கடைசியில் போனை அவன் கையில் கொடுத்துச் சொன்னேன்:

"இதிலை ஒண்டுமில்லை தம்பி. என்ரை போனிலை ஒண்டு இருக்கு, அனுப்புறன்."

இரண்டு கிழமை கழித்து, அந்தப் படங்களை எனக்கு மாற்றித் தா என்று கேட்டேன். அவன் போனை அழித்துத் துடைத்து, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். நாங்கள் பழைய போன்களை அப்படித்தானே ஊருக்கு அனுப்புகிறோம்.

"மாமி, நீங்கள்தானே ஒண்டுமில்லை எண்டு சொன்னீங்கள்."

உண்மைதான். நான்தான் சொன்னேன். உம்மோடு ஆறு நாள் மூலை மூலையாக நின்ற நானே, உமக்கு நான்கு நாள் ஆகுமுன் நடுவுக்கு ஓடிவிட்டேன். இப்போது அந்தப் படங்களை மனதில் எண்ணிப் பார்க்கிறேன். நல்ல நாளில் பதினாறு வரும். போன மாதம் பதினேழு வந்தது.

இன்று மத்தியானம் கடையில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு அச்சுக் கடைக்குப் போனேன். ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் திரும்புகிற தெருவில் இருக்கிறது. அச்சடிக்கிற தம்பி நல்லவன். முழுப் படத்தைக் காட்டி, இதை அப்படியே போடும் என்றேன். அவன் திடுக்கிட்டுப் போனான்.

"திவசக் கார்ட்டிலை மழைக் கோட்டோ அக்கா? சனம் என்ன சொல்லும்? எல்லாருக்கும் நாங்கள் சேலை மாத்தித்தான் போடுறது. பச்சை, மெரூன், மஞ்சள், மூண்டும் கம்ப்யூட்டரிலை கிடக்கு. பச்சை பிடிக்காட்டி மெரூன் போடட்டோ?"

"அவ இந்தக் கோட்டைத் தானே தெரிஞ்சு வாங்கினவ. இதைத்தான் போடும்."

"கையை நீட்டிக்கொண்டு நிக்கிறா. ஆரையோ ஏசுற மாதிரிக் கிடக்கு."

"ஏசட்டும்."

"காட்டுற இடத்திலையும் ஒண்டுமில்லையே அக்கா. வெறும் வானம்."

"ஒண்டுமில்லை எண்டு நீரும் சொல்லாதேயும் தம்பி!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. கல்யாண அட்டை பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவன் மெல்லக் கேட்டான், குடும்பத்தில் சொல்லிவிட்டீங்களோ என்று. நானும் குடும்பம்தான் என்றேன். "வீடே உலகமென" என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். அந்த இடம் வெறுமையாகக் கிடக்குமே என்றான். கிடக்கட்டும் என்றேன். உம்முடைய மூத்தவனுக்குப் போன் எடுத்து, "பிழையெல்லாம் திருத்தியாச்சு," என்று மட்டும் சொன்னேன். "மெர்சி மாமி," என்றான்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் படுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திவசத்தில் எபினே வீட்டில் எனக்கு என்ன நடக்குமோ தெரியாது. அண்ணை என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்.

*

திவசம் முடிந்துவிட்டது மச்சாள். மிச்சத்தையும் எழுதுகிறேன்.

ஐயர் போனபிறகு சாப்பாடு வைத்தார்கள். கார்ட் கட்டை உம்முடைய மூத்தவன் பிரித்தான். அப்போதுதான் அவன் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுத்தான். அதை அவனுக்கு நான் மறக்கமாட்டேன். சனம் கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "உதென்ன கோலம்?" என்று ஒரு குரல். "ஆர் உதை அடிக்க விட்டது?" என்று இன்னொன்று. போன வருஷம் அம்மாளைக் கண்ட மனிசி இந்த வருஷம் கண்ணில் ஒற்றவில்லை, கைப்பைக்குள் வைத்துவிட்டாள். பாயசத்தை நான் தொடவில்லை.

அண்ணைக்குக் கடைசியாகத்தான் கார்ட் போனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். சண்டைக்கு நான் ஆயத்தமாக நின்றேன். சொல்லவேண்டிய வசனங்களை ரயிலில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"எதைக் காட்டுறாள்?"

உம்மோடு வாழ்ந்த முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் உம்மைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணாடிக்குக் கீழே ஈரம் இருந்தது. சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. மணிக்கூடு அண்ணை, குட்டை முள்ளு, அவ சொன்ன பகிடி, எல்லாம். மனிதர் அழுகிறார். சொன்னால் என்ன?

சொல்லவில்லை. டப்பாக்கள் ஞாபகம் வந்தன.

"போய்ப் பாருங்கோ அண்ணை."

"எங்கை?"

"அவ போன இடத்துக்கு. ஆறு நாள்தான், பஸ்ஸிலை இடம் இருக்கும். சாப்பாட்டை டப்பாவிலை போட்டு, மூடியிலை கிழமை எழுதி வைச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியில் நின்று, இடக்கை மூலையிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்தேன். சுவர், உம்முடைய மாலை போட்ட படம், கதிரையில் கார்ட்டோடு அண்ணை, குசினிக் கதவு. கண்ணாடிக்கு அப்பால் பல்கணி வெறுமையாகக் கிடந்தது. ஒரு சாடிகூட இல்லை.

கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். அந்தச் சின்ன முள்ளு என்னிடம் இருக்கிறது மச்சாள். அதை அவருக்கு நான் கொடுக்கப்போவதில்லை.